காஜா எடுத்தவளின் முகம்

எனக்கு டீ வேண்டாம். பாலில் தண்ணீரா, தண்ணீரில் பாலா என்று தெரியாத டீயை நான் குடிப்பதில்லை. நீங்கள் குடியுங்கள். நான் சொல்வதை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டால் போதும்.

புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தவனிடம் முழுக்கதையையும் கேட்கிறீர்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஏழெட்டு வருஷமாகப் பத்திரிகைக்காரர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்த ஓவியங்களுக்கெல்லாம் உந்துதல் எது?" மழை, மௌனம், சின்ன வயதில் பார்த்த ஆறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டு போவார்கள். நான் பார்த்த ஆறு ஒரு சாக்கடை. உண்மையைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதுவும் கலை ஆர்வத்தால் இல்லை, படிவத்தில் இடம் காலியாக இருப்பதால்.

நான் குடியிருக்கும் கட்டடம் 'ப' போல இருக்கும். மூன்றாவது மாடியில் என் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த அம்மாவின் ஜன்னல். புருஷன் இல்லை, ஒரே மகன். தையல் மெஷினை மிதித்து அவனை வளர்த்தாள். இருபத்திரண்டு வயதில் அவன் அந்த மெஷினையே விற்றுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனான். அப்புறம் அவள் ஒரு தையற்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுத்துப் பிழைத்தாள். சட்டையில் பட்டன் துளையைச் சுற்றிக் கையால் நூல் கட்டுகிற வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு தையலுக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி வாசல் கேட்டைப் பார்ப்பாள்.

அழகி ஒன்றும் இல்லை. சந்தைக்குப் போனால் அந்த முகத்தைப் பத்துப் பேரிடம் பார்க்கலாம். ஆனால் யாராவது கேட்டைத் திறந்தால் அதில் ஒரு விளக்கு எரியும். வந்தது வேறு ஆள் என்று தெரிந்ததும் அணையும். அணைகிற அந்த நொடியைத்தான் நான் வரைந்தேன்.

தபால் பெட்டிகள் கீழே படிக்கட்டோரம். அவளுக்கு முட்டி வலி, போனும் கிடையாது. பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள்.

"கீழ போறப்ப ஒரு எட்டு பாத்துட்டு வா தம்பி. ஏதாவது போட்டிருப்பான்."

ஒன்பதாவது மாதம் போட்டிருந்தான். நின்ற இடத்திலேயே படித்தேன். ஒரு பக்கத்துக்குள் நாலு தடவை மன்னிப்பு. சம்பாதித்துப் புது மெஷின் வாங்கிக்கொண்டு வருவானாம். எழுத்துப்பிழை வேறு. என் முதல் பெரிய ஓவியம் அப்போது பாதியில் இருந்தது. வாய் முடிந்திருந்தது, கண் முடியவில்லை. அந்தக் கடிதத்தை அன்றே கொடுத்திருந்தால் மறுநாள் ஜன்னலில் யார் உட்கார்ந்திருப்பார்? மகனிடமிருந்து கடிதம் வந்த ஒருத்தி. அப்படிப்பட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கண் முடியட்டும், ஒரு வாரம் கழித்துக் கொடுக்கலாம் என்று மேஜை டிராயரில் வைத்தேன்.

அந்த ஓவியத்துக்குப் பரிசு கிடைத்தது. அதன் முன்னால் நின்று பணக்காரப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் அடுத்த கித்தானை இழுத்துக் கட்டினேன்.

பேனாவை ஏன் வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள். மொத்தம் பதினொரு கடிதங்கள். போகப் போகச் சுருங்கி, கடைசியில் ஒரு வரிக்கு வந்துவிட்டான்: "கோவம் தீர்ந்தா ஒரு வார்த்தை எழுதும்மா."

மூன்றாவது வருஷம் அவனே வந்தான். பகல் இரண்டு மணி, கட்டடத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவளும் குட்டித் தூக்கம் போடுகிற நேரம். தோளில் ஒரு அட்டைப்பெட்டியோடு படியேறி வந்தவன் இரண்டாவது மாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அம்மா இருக்காங்கல்ல?"

யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை.

"அம்மா தவறிட்டாங்க தம்பி. போன மழைக்காலத்துல. வீட்டுல வேற ஆளுங்க குடி வந்துட்டாங்க."

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லப்பா."

சொன்னார்கள் என்றால் என்ன சொன்னார்கள் என்பான். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன், மற்றபடி அவன் மேல் எனக்கு வன்மம் கிடையாது. எழுந்தான். "இதை யாருக்காவது குடுத்துடுங்கண்ணே" என்று பெட்டியைக் காட்டிவிட்டு இறங்கிப் போனான். அடம்பிடிப்பான், மாடிக்கு ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரே ஒரு மாடி ஏறிக் கதவைத் தட்டியிருந்தால் போதும். அதற்குக்கூடத் துப்பில்லாத பிள்ளை.

பெட்டியில் இருந்த புது மெஷினை அவளிடம் கொடுக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் பார்வை ஊசியை விட்டு நகராது. கேட்டை யார் பார்ப்பது? என் அறையிலேயே வைத்து, மேலே வர்ண டப்பாக்களை அடுக்கினேன்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்துதான் எனக்கு வேண்டியிருந்தது. வருஷத்துக்கு வருஷம் அது முற்றியது. தலை முழுக்க நரைத்தது, கன்னம் உள்ளே போனது, ஆனால் விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. வண்ணம் குழைக்கத் தெரிந்தவன் எல்லாம் ஓவியன் என்று நினைக்கிறீர்கள். எதிரில் இருப்பது கலைந்துவிடாமல் காப்பவன்தான் ஓவியன்.

எட்டாவது வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் இறங்கியது. டாக்டரைக் கூட்டி வந்தது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க. சேர்த்தா பிழைச்சுக்குவாங்க. சொந்தக்காரங்க இருந்தா தகவல் சொல்லிடுங்க."

"யாரும் இல்லை" என்றேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டு டிராயருக்குப் போனது. ஆஸ்பத்திரி வார்டில் ட்யூப்லைட் வெளிச்சம், அதில் எந்த முகமும் மாவு பூசினாற்போல் இருக்கும். உள்ளே போனதும் அவள் கேட்டாள்.

"என்ன தம்பி சொன்னாரு?"

"சளிதாம்மா. படுத்திருந்தா சரியாயிடும்."

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். கேட் தெரிகிற மாதிரி தலையணையை உயர்த்தி வைத்தேன். நாலு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைந்தேன். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன். நாலாம் நாள் பேச்சு குழறியது.

"கீழ... ஒரு தடவை பாத்துட்டு வந்துடேன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெட்டி காலியாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அப்போது அந்த முகம் அணைந்ததைப் போல அதற்கு முன் அணைந்ததில்லை. சாயங்காலத்துக்குள் ஓவியம் முடிந்தது. அவளும்.

போன மாதம் அதைக் கண்காட்சியில் வைத்தேன். பத்திரிகையில் படம் வந்தது, கீழே வரைந்த தேதியோடு. நேற்று மத்தியானம் அவன் வந்து ஓவியத்தின் எதிரே நின்றான். நரைத்த தலையைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"இது அம்மாதானே?"

"ஆமாம்."

"அன்னைக்கு மேலதான் இருந்தாங்களா?"

"இருந்தாங்க" என்றேன். கேட்ட பிறகு மறைப்பது என் வழக்கம் இல்லை. அடிப்பான் என்று நினைத்தேன். வரவேற்பு மேஜையில் பார்சல் அறுக்கிற கத்தி கிடந்தது. அதை எடுத்து வந்து, கித்தானில் முகத்தை மட்டும் சுற்றி அறுத்து எடுத்தான். சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காவலாளி வரும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

வெளியே பெஞ்சில் இருக்கிறானே, அந்தத் துண்டு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. கேட்டால் நெஞ்சோடு அழுத்திக்கொள்கிறானாம். அதை வாங்கிக் கொடுங்கள், ஒட்டித் தைத்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறது. மெஷினை எடுத்துக்கொள்ளட்டும். கடிதங்களும் பதினொன்றும் பத்திரமாக இருக்கின்றன. நான் திருடன் இல்லை. ஆனால் அந்த முகத்தில் அவனுக்கு என்ன உரிமை? எட்டு வருஷம், ஒரு நாள் தவறாமல், அவளைப் பார்த்துக்கொண்டவன் நான்.