சனத்துக்குள் ஒரு படம்

பாரிஸின் ரூ காய் தெருவில், தமிழ்க்கடையொன்றில் ரோல்ஸ் வாங்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். நரைத்த தலைக்காரர் மற்றவரிடம் சொன்னார்:

"சனம் இல்லாட்டி எனக்கு ரோம் நகரம் எண்டாலே பயம், தம்பி."

"ஏன் அண்ணை?"

"பிரான்சுக்கு வரேக்கை அங்கை கன நாள் விசா இல்லாமல் நிண்டனான். வெறுந்தெருவிலை நடந்தால் பொலிஸ் மறிப்பான். அந்தப் பெரிய நீரூற்றடியிலை, சனத்துக்கை நிண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். சுத்திப் பாக்க வந்த வெள்ளையள் கமெராவைத் தந்து படம் எடுக்கச் சொல்லுவினம். எத்தினை சோடியளை எடுத்திருப்பன்! என்ரை படம்தான் ஒண்டுமில்லை."

"இந்த முறை மகளோடையெல்லே போனனீங்கள்?"

"ஓம். பதினைஞ்சு வயசு. சனமெண்டால் அவளுக்குக் கண்ணிலை காட்டேலாது. ஆளில்லாத ஒழுங்கையளாலைதான் என்னைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவள். கடைசி நாள் இந்தக் கதையைச் சொன்னன். நேரை நீரூற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், அந்த நெரிசலுக்கை வேர்த்து வேர்த்து நிண்டு என்னை ஒரு படம் எடுத்தவள்."

கைபேசியை நீட்டினார். மற்றவர் குனிந்து கனநேரம் தேடினார்.

"ஒரே சனமாக் கிடக்கு. நீங்கள் எங்கை அண்ணை?"

"அதுக்கைதான் நிக்கிறன் தம்பி. அப்பவும் அப்பிடித்தான் நிண்டனான்."