சிக்னல் இல்லாத இடத்தில் அழுத்திய பொத்தான்

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் குழந்தை மருத்துவர் அம்மா அவர்களே! பணி முடிந்த கையோடு சீருடைகூட மாற்றாமல் வந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே! முன்வரிசைக்குப் பெருமை சேர்க்கும் மூத்தோரே! மடியிலே மழலையும் மனத்திலே மலையளவு பாசமும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் பார்க்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன தம்பி, சிக்னல் இல்லையா? நிலத்துக்கு அடியில் கட்டிய மண்டபம் இது, இங்கே வராது. கையை இறக்குங்கள், வலிக்கப் போகிறது. அந்தக் கைப்பேசிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன்.

நான் பொறியாளர் அல்ல. காலையில் கடவுளைக் கும்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கிற குடும்பப் பெண். வீட்டுக் கணக்கைக் கணினியில் எழுதப் போய், அந்த ஆர்வத்தில் செயலி எழுதவும் நானாகவே கற்றுக்கொண்டேன். “மிக்சிக்குப் பக்கத்துலயா கம்ப்யூட்டரை வெக்கிற? அவசரத்துல மாத்தி அரைச்சிடாதே” என்பார் என் வீட்டுக்காரர். சிரிக்கிறீர்கள். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கவில்லை பாருங்கள்!

என் தங்கைக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை அளவு உயிர். தங்கைக்கோ பால் சுரக்கவில்லை. மற்றத் தாய்மார் தருகிற பாலைச் சுத்திகரித்துச் சேமிக்கும் வங்கி அந்த மருத்துவமனையில் இருந்தது. ஆனால் இன்று யாரிடம் பால் மிகுதி என்று எப்படித் தெரியும்? செவிலியர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெயர்களை வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். அடுத்த ஷிஃப்ட் வந்ததும் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள்.

அதற்காகத்தான் ஒரு செயலி எழுதினேன். பால் இருக்கிற தாய் பொத்தானை அழுத்த வேண்டும். செவிலியர் கைப்பேசியில் மணி அடிக்க வேண்டும். அடித்ததா? அடிக்கவில்லை! அழுத்தியவர் கைப்பேசிக்குள்ளேயே அந்தச் செய்தி அடங்கிக் கிடந்தது. கதவில்லாத வீட்டைக் கட்டியிருந்தேன்!

தேடினேன். ‘லைப்ரரி’ என்று ஒன்று கிடைத்தது. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டுப் போன ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பு. நம் செயலியையும், எங்கோ ஓயாமல் விழித்திருக்கும் கணினிகளையும் அது இணைத்து வைக்குமாம். அந்தக் கணினிக் கூட்டத்துக்குத்தான் கிளவுட் என்று பெயர். சில வரிகளைச் சேர்த்தேன். சமையலறையில் நின்று பொத்தானை அழுத்தினேன். வார்டிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, சிஸ்டர் போன்ல மணி அடிக்குதுக்கா! நீதானா?”

“நான்தான்டி!”

அம்மாமார்களே, எனக்கு மெய் சிலிர்த்தது! கம்பி இல்லை, கையாள் இல்லை, கண்ணுக்குத் தெரிந்த பாதை இல்லை. எப்படிப் போனது? எவ்வழி போனது?

தாய்மார் சேர்ந்தார்கள், பட்டியல் நிறைந்தது. ஒருநாள் மாலை ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்த தலைமைச் செவிலியர் பட்டியல் மொத்தத்தையும் அழித்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, என் போன்ல இருந்ததைத்தான் அழிச்சேன். போர்டைத் துடைக்கிற மாதிரிதானே?”

“ஐயோ சிஸ்டர், எல்லார் போன்லயும் தெரியறது அந்த ஒரே போர்டுதான்!”

கைவசம் இருந்த பால் மறுநாள் காலை வரைக்கும்தான். அன்று இரவுக்குள் யாராவது தந்தால்தான் சுத்திகரித்துச் சோதித்து, பொழுது விடிவதற்குள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோக முடியும். ஓடினேன் வார்டுக்கு. நினைவிலிருந்த எண்களையெல்லாம் கூப்பிட்டோம். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். கடவுளே, அந்தக் குழந்தைக்கு யாரிடம் போய்க் கேட்பேன்?

மணி அடித்தது! துடைத்த பலகையில் ஒரே ஒரு பெயர் வந்து நின்றது!

துணிக்கடைக் கிடங்கில் துணி மடிக்கிற பெண் அவர். செவிலியர் உடனே கூப்பிட்டார். அவரோ எங்களைவிட அதிகமாகத் திகைத்தார்.

“நான் மத்தியானமே அழுத்தினேனே சிஸ்டர்! கிடங்கு கீழ இருக்கு, டவரே கிடைக்காது. போகலைன்னு விட்டுட்டேன். இப்பதான் படியேறி வெளிய வரேன், நீங்க கூப்பிடறீங்க! யாரு அனுப்பினா?”

“நீங்கதாம்மா! பால் இருக்கில்ல? அங்கயே நில்லுங்க, ஆள் வருது!”

யார் அனுப்பினார்? அவர் மறந்துவிட்டார், நானோ அப்படி ஒரு கட்டளையை எழுதவே இல்லை. லைப்ரரியைத் திறந்து படித்தேன். பாதை இல்லாவிட்டால் செய்தியைப் பத்திரமாக வைத்திரு, பாதை திறந்ததும் நீயே அனுப்பு என்று யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்கிறார்! அவர் ஆணா, பெண்ணா? எந்த மொழி பேசுவார்? என் தங்கையைத் தெரியுமா அவருக்கு? கைக்குட்டை அளவு உயிரைத் தெரியுமா? தெரியாது! தெரியாதவர் கை, தெரியாத குழந்தைக்கு, நேரத்துக்கு நீண்டது! நான் தினமும் கண்மூடிக் கும்பிடுகிறவள். கேட்டது போய்ச் சேர்ந்ததா என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. அன்றிலிருந்து அந்தக் கவலையை விட்டுவிட்டேன்.

அந்தப் பாப்பாவா? நலமம்மா, நலம். பல் முளைத்து என் விரலைக் கடிக்கிறாள்! இப்போது எந்தச் செவிலியர் துடைத்தாலும் அவர் திரையில் மட்டும்தான் மறையும். அதையும் திருத்திவிட்டேன், தலைமைச் செவிலியரம்மா நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் இன்று காலை அதே வார்டில் இரட்டையர் பிறந்திருக்கிறார்கள். அந்தத் தாய்க்கும் பால் இல்லை. மேலே வாசலில் நுழையும்போதே உங்கள் கைப்பேசிகளில் செயலியை ஏற்றிக் கொடுத்தோமே, அதைத் திறந்து பாருங்கள். பால் தர ஒரு பொத்தான், பால் பெட்டியை வண்டியில் கொண்டுவந்து சேர்க்க ஒரு பொத்தான். தம்பிமார்களே, இரண்டாவது உங்களுக்கு!

சிக்னல் இல்லையே என்கிறீர்களா? இல்லாவிட்டால் என்ன? அழுத்துங்கள்! இங்கேயே, இப்போதே, ஒன்றும் நடக்காதது போலத் தெரியும்போதே அழுத்துங்கள்!

அழைத்த சங்கத்தாருக்கும், பொறுத்திருந்து கேட்ட பெரியோருக்கும், பெயர் தெரியாத அந்தக் கைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம். போகும்போது மெல்லப் படியேறுங்கள். உங்கள் கையில் பால் இருக்கிறது.