விரதகாரருக்கு ஒரு பைனாகுலர்

பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவில் வடைக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர் தன் நண்பரிடம் சொன்னார்:

"நான் மச்சம், மாமிசம் ஒண்டும் சாப்பிடுறேல்லை. எண்டாலும் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போறன்."

வடையை மறந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அங்கை போய் என்ன செய்வியள் அண்ணை?"

"நான் வேலை செய்யிற ரெஸ்ரோறண்ட் முதலாளி கூப்பிட்டவர். காட்டுப்பன்றி எங்கை நிக்குதெண்டு பார்த்துச் சொல்லுறது என்ரை வேலை. அதுதான் பைனாகுலர் வாங்கப் போறன்."

"நூறு யூரோவுக்கே இருக்கு."

"அதிலை விடிஞ்சாப் பிறகுதான் தெரியும். ஐந்நூறு யூரோச் சாமான் கருக்கலிலையும் காட்டும். எல்லாருக்கும் முதல் நான் கண்டிடுவன்."

"ஐந்நூறும் குடுத்து, அந்தப் பாவப்பட்ட பன்றியைக் காட்டிக் குடுக்கப் போறியளோ?"

அவர் வடைப் பையை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அவங்களுக்கு மற்றப் பக்கம் கையைக் காட்டிறதெண்டால், முதல்லை நானெல்லோ காணவேணும்!"