ஒத்த ஸ்டார்

சேறுதான் தம்பி, வேற என்ன? காந்தலூர்ல சேறு படாத சாமான் எது இருக்கு? உங்க ஜீப்பையே போயிப் பாருங்க, பானெட்டு வரைக்கும் அப்பிக் கெடக்கு. நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும்னா எடுத்துக்கோங்க, தொடைச்சுத் தாரேன். மைக்குக் கம்பி முறிஞ்சதையும் சேத்தே எடுங்க, நான் ஒண்ணும் மறைக்கல. முறிஞ்ச சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்னு சட்டம் மட்டும் பேசாதீங்க. காசு வேண்டாம்னு வாசல்லயே சொல்லிட்டேன்ல? நீங்க ரிட்டன் எடுக்க வந்த இந்த ஹெட்செட்டுப் பெட்டி இன்னைக்கே இந்த வீட்டை விட்டுப் போகணும். அம்புட்டுத்தான்.

உக்காருங்க. இந்த மழையில நீங்க மறையூருக்கு எறங்க முடியாது. பாலு இல்ல, கட்டன்சாயா போடுதேன். வீட்டுக்காரி இல்ல, மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு, தொணைக்குச் சித்தூர் போயிருக்கா. அந்த மப்ளரைக் கொஞ்சம் வாயிலேர்ந்து எறக்கிட்டுப் பேசுங்க. எனக்கு மூஞ்சி தெரியணும்.

என்ன சிரிக்கீங்க? அம்பத்தெட்டு வயசு ஆளுக்கு கேமிங் ஹெட்செட்டு எதுக்குன்னுதானே? சிரிங்க, சிரிங்க. ஆனா இந்த ஹெட்செட்டைப் பத்தி என்னைவிட அதிகம் தெரிஞ்சவன் இந்தப் பஞ்சாயத்துல கெடையாது. மூணு மாசம் ரிவியூவே கதின்னு கெடந்தவன் நான். த்தூ, ரிவியூவாம்!

ஒருத்தன் பெட்டியைப் பிரிக்கவே கால்மணி நேரம் எடுக்கான். பிரிச்சு, மோந்து பாக்கான் தம்பி. மூக்காலயா கேக்கப் போறான்? பெறகு கலரைச் சொல்லுதான், வெயிட்டைச் சொல்லுதான், காதுல வைக்கிற மெத்தையை அமுக்கி அமுக்கிக் காட்டுதான். ஏலே, சத்தம் எப்படிலே இருக்குன்னா, பேஸு நெஞ்சுல இடிக்குதுங்கான். இடிக்கிறதுக்கா காசு குடுத்து வாங்குதோம்? இன்னொருத்தன் சாம்பிள் கேளுங்க ப்ரோன்னு போடுதான். அவன் ஹெட்செட்டுச் சத்தத்தை நான் என் போனோட ஓட்டை ஸ்பீக்கர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணுமாம். டிவியில பிரியாணியைக் காட்டி உப்பு சரியா இருக்கான்னு கேட்ட மாதிரி. அதுக்குக் கீழ ஆயிரம் பேரு, வேற லெவல் ப்ரோ, கிளியரா கேக்குதுன்னு எழுதிருக்கானுவ. வெளங்காத கூட்டம். ஒருத்தன் சொல்லிட்டாப் போதும், அப்படியே பின்னால வந்துருவானுவ.

கேக்கிறதுன்னா என்னன்னு நான் சொல்லுதேன். நான் இங்க காவக்காரன். சர்க்கார் ஆளு இல்ல. காய்கறி வெள்ளாமை பண்றவங்க சேந்து ஒரு கமிட்டி வச்சிருக்காக, அவங்க போட்ட ஆளு. பதினாறு வருஷமாச்சு. காலையில அஞ்சரைக்கு பீன்ஸ் பறிக்கிற பொம்பளையாளுக எட்டுப் பேரு யூக்காலித் தைலமரக் காட்டு வழியா மேக்காட்டுக்குப் போகணும். நான் முன்னால, அவங்க இருபதடி பின்னால. அந்நேரத்து மஞ்சுல நீட்டுன கை தெரியாது. கண்ணால ஒரு பிரயோஜனமும் இல்ல, காதுதான். யானை நடந்தா சத்தம் வரும்னு நெனைக்கீங்களா? வராது. அம்புட்டுப் பெரிய உடம்பை வச்சுக்கிட்டுப் பூனை மாதிரி நடக்கும். ஆனா புல்லைப் பிடுங்கி, மண்ணு உதுர முன்னங்காலுல ரெண்டு தட்டு தட்டும் பாருங்க, அந்தத் தட்டைக் கேக்கணும். காது விசிறும், அதைக் கேக்கணும். வயித்துக்குள்ள ஒரு உறுமல் ஓடும். இதையெல்லாம் வச்சு எந்தப் பக்கம் நிக்கி, எத்தனை நிக்கி, குட்டி உண்டான்னு சொல்லணும். நான் கையைத் தூக்குனா நிக்கணும். வாங்கன்னா வரணும். சூசையண்ணன் வாங்கன்னுட்டா அதுக்கு மேல ஒருத்தியும் காது குடுத்துக் கேக்க மாட்டா, அவ பாட்டுக்கு அரட்டையடிச்சுக்கிட்டே வருவா. நான் சொன்னாச் சரின்னு அப்படி ஒரு நம்பிக்கை. சீனி போதுமா?

ஆமா, அதே விளம்பரத்தை நானும் பாத்தேன். எதிரி காலடிச் சத்தம் இடமா வலமான்னு துல்லியமாக் கேக்கும்னு போட்டிருந்தான். அது கேமுக்குள்ள நடக்கிறவன் காலடின்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன அம்புட்டு மண்டூகமா? எனக்கு வேண்டியது அதோட மைக்கு. போன்ல ஒரு ஆப் இருக்கு, அதைப் போட்டுட்டா மைக்குல விழுற சத்தம் பெருசாகி நம்ம காதுக்கே திரும்பி வரும். நல்லா இழுக்கிற மைக்கு உள்ள ஹெட்செட்டு எதுன்னுதான் தேடுனேன். நல்லதா எழுதுறவன் பூராவும் காசு வாங்கிட்டு எழுதுறவன், அது தெரிஞ்ச விஷயம். அதனால நான் நல்ல ரிவியூவைத் தொடவே இல்ல. திட்டி எழுதுனதை மட்டும் படிச்சேன். ஒருத்தன் ஒத்த ஸ்டார் குடுத்து எழுதிருந்தான், இந்த மைக்கு சுத்தக் குப்பை, மாடியில நடக்கிற சத்தம், பக்கத்து வீட்டு நாய் சொறியிற சத்தம் வரைக்கும் இழுக்குது, யாரும் வாங்காதீங்கன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இதுதாண்டா நமக்குன்னு அன்னைக்கே ஆர்டர் போட்டேன். திட்டுறவன் எதுக்குத் தம்பி பொய் சொல்லப் போறான்?

சொல்லுவான். அதுலயும் பொய் சொல்லுவான். இப்ப போன வாரம் உக்காந்து தேடுதேன், அதே வரி, அதே மாடி, அதே நாயி, வேற மூணு கம்பெனி ஹெட்செட்டுக்குக் கீழயும் இருக்கு. ஒரு நாயி நாலு ஹெட்செட்டுலயும் வந்து சொறிஞ்சிருக்கு. எவனோ கூலிக்கு எழுதிருக்கான். இந்த ஹெட்செட்டைக் கையால தொட்டிருக்கவே மாட்டான். கேக்காமயே எப்படி இருக்குன்னு சொல்லுதவனை என்ன தம்பி பண்ணலாம்? சொல்லுங்க. செருப்பால அடிக்க வேண்டாமா?

நல்லாக் கேட்டீங்க போங்க. காது இருக்கும்போது மைக்கு எதுக்குன்னுதானே?

நீங்க வெளியூரு. சாயாவைக் குடிச்சுட்டுப் போயிருவீங்க. சொல்லுதேன். எனக்கு ரெண்டு காதும் பாதிக்கு மேல போச்சு, நாலு வருஷமாச்சு. இப்பவும் உங்க வாயைப் பாத்துதான் பேசிட்டிருக்கேன். ஊருல ஒரு குஞ்சுக்குத் தெரியாது. சந்தனமேரிக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்கு. அந்த எட்டுப் பேரு போக அவளும் பீன்ஸ் பறிக்கப் போற ஆளுதான். நாலு வருஷமா அவ மட்டும் என் முதுகை ஒட்டியே நடப்பா. அவளுக்கு ஏதாவது கேட்டா என் சட்டையைப் பிடிச்சு இழுப்பா, ஒரு இழுப்புன்னா இடம், ரெண்டு இழுப்புன்னா வலம். நான் ஏதோ எனக்கே கேட்ட மாதிரி கெத்தாக் கையைத் தூக்குவேன். சூசையண்ணன் காது பாம்புக் காதுன்னு பேரு வாங்குனது நானு. கேட்டது அவ. அவ சித்தூருக்குப் பஸ் ஏறினா, நான் என்ன பண்ண?

மெஷின் வைக்கலாம், யாரு இல்லைன்னா? காதுக்குப் பின்னால மெஷினை மாட்டிக்கிட்டுப் போயி நின்னா, கமிட்டி செயலாளர் செங்கோட்டையன் மறுநாளே வேற ஆளைப் போட்டிருவாரு. காது கேக்காத காவக்காரனை எவன் வச்சுக்குவான்? ரெண்டு மாசம் லீவு போட்டிருக்கலாம். சந்தனமேரிகிட்ட லீவு போட்டுட்டேன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். ஆனா வேற ஒருத்தன் ரெண்டு மாசம் முன்னால நடந்துட்டாம்னா, அவன் கேக்கிறது என்ன, நான் கேட்டது என்னன்னு ஊருக்கு விளங்கிப் போகும். பதினாறு வருஷப் பேரு தம்பி. விட மனசு வரல. திமிருதான், வேற என்ன. ஹெட்செட்டுன்னா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாக. யானையைக் கண்டுபிடிக்கிற மெஷினு, புதுசா வந்திருக்குன்னு சொன்னேன், அத்தனை பேரும் வாயைப் பொளந்து நம்புனாளுக.

வீட்டுல டெஸ்ட் பண்ணாமலா? பண்ணேன். அடுத்த வீட்டு ஆளு பேசுறது, ரோட்டுல ஒருத்தன் போன்ல சண்டை போடுறது, எல்லாம் பக்கத்துல இருந்து பேசுன மாதிரி வந்துச்சு. அழுகையே வந்துருச்சு எனக்கு. அம்புட்டு சந்தோசம். ஆளுக பேச்சை மட்டும்தான் கேட்டுப் பாத்தேங்கிறது எனக்கு அப்ப உறைக்கல. பெறகுதான் மறையூர்ல மொபைல் கடை வச்சிருக்கிற லோகேஷு சொன்னான். இந்த மைக்கு மனுசக் குரலை மட்டும்தான் விடுமாம். மத்ததெல்லாம் தேவையில்லாத சத்தம்னு அதுவே வெட்டித் தள்ளிருமாம். எதெல்லாம்லே வெட்டும்னு கேட்டேன். காத்து, எலை, கெளை முறியிறது, எல்லாந்தாண்ணே, குரல் சுத்தமா வரணும்ல, அதான் இதுல ஸ்பெஷலுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதான். அவன் மேல என்ன தப்பு?

போன புதன்கிழமை. நல்ல மஞ்சு. நான் இதை மாட்டிக்கிட்டு முன்னால போறேன், சைடுல இருக்கிற லைட்டு நீலமும் செவப்புமா மின்னுது. எங்க வீட்டுக்கு மேல் வரிசையில சிசிலின்னு ஒருத்தி, பீன்ஸ் பறிக்கதுல அவளை மிஞ்ச ஆளில்ல, வாயிலயும்தான். சூசையண்ணே, பெருநாள் சப்பரம் மாதிரி ஜொலிக்கீகளே, பின்னாடி நாங்க ஜெபமாலை சொல்லிட்டு வரணுமாங்கா. எல்லாரும் சிரிக்காளுக. அத்தனையும் எனக்குக் கேக்குது. நாலு வருஷமா அவளுக வாயசைக்கிறதை மட்டும் பாத்தவன் நான். சிசிலி மாமியாரு பல்லுசெட்டைக் கழட்டி வச்சதைக் கோழி தூக்கிட்டு ஓடுன கதையைச் சொல்லிட்டு வாரா. நானும் சிரிக்கேன். பெறகு என்னாச்சு பிள்ளேன்னு நானே திரும்பிக் கேக்கேன். காட்டைக் கேக்க வேண்டியவன் கதை கேட்டுக்கிட்டு நடக்கேன். ஓடை முக்குல வழக்கமா நிப்பேன், நின்னேன். ஒரு சத்தம் இல்ல. எலை அசையிற சத்தம் கூட இல்ல. அடேயப்பா, இன்னைக்குக் காடு இம்புட்டு சுத்தமா இருக்கேன்னு நெனச்சேன். வாங்கன்னு சொல்லிட்டேன்.

வந்துட்டாளுக.

இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. விழுந்ததுல இந்தக் கம்பிதான் முறிஞ்சுது. எட்டுல ஏழு பேரு யானைகிட்டேர்ந்து தப்பிச்சாக. சிசிலி செத்துப் போனா. பேப்பர்ல பாத்திருப்பீங்க.

என்னைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் தம்பி கொடுமை. சூசைக்கே கேக்கலைன்னா அது பேய் மாதிரில்ல வந்திருக்குன்னு அவுகளே சொல்லிக்கிட்டாக. சூசை முன்னால போனதாலதான் ஏழு உசுரு மிச்சம்னு செங்கோட்டையன் மைக்கைப் பிடிச்சுச் சொல்லுதாரு. பாத்தீங்களா ஊரு புத்தியை? வெளங்காத கூட்டம்னு நான் எவனெவனையோ திட்டுதேன். அந்த மெஷினு எங்கன்னு கேட்டாரு, யானை மிதிச்சு ஓடையில போயிருச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு சிசிலிக்கு ஏழாம் நாள் பூசை. பூசை முடிஞ்சு என்னையப் பேசச் சொல்லிருக்காக. அது முடிஞ்சு எல்லாரும் இங்க வீட்டுக்கு வருவாக. சந்தனமேரியும் ராத்திரி பஸ்ஸுல வாரா. அவகிட்ட எதையும் மறைக்க முடியாது, நான் முன்னால நடந்தேன்னு கேட்ட உடனே அவளுக்கு விளங்கிரும். இருந்தும் எனக்குச் சோறு போடுவா.

எடுத்துக்கிடுதீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி. எங்க கையெழுத்துப் போடணும்?

காரணமா? அதுவும் அமுக்கணுமா? என்னென்ன இருக்கு லிஸ்ட்டுல, படிங்க. சைஸு சரியில்ல, கலரு மாறிருக்கு, சவுண்டு குவாலிட்டி மோசம்... மூணாவதையே அமுக்குங்க.

இல்ல, நில்லுங்க. அது வேண்டாம். பொய்யி அது. சவுண்டை ஒரு குறையும் சொல்ல முடியாது. அன்னைக்கு யானை வந்தப்போ சூசையண்ணேன்னு சிசிலி ரெண்டு தரம் கூப்பிட்டா. அவ மூச்சு வாங்குனது கூடக் கேட்டுச்சு. எந்தப் பக்கம்னுதான் தெரியல, மண்டைக்கு நடுவுல நின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, நான் முன்னால பாத்து ஓடிட்டேன். கலரு மாறிருக்குன்னு போட்டுக்கோங்க.