வனுவாட்டுக்குப் பெட்டி வேண்டாம், ஆள் வேண்டும்

இன்று 2016 மார்ச் 19, சனிக்கிழமை. மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். மண்டபத்தில் எண்பத்து மூன்று பேர். சரியாக ஐந்து மணிக்கு ஒன்பது பேர்தான் இருந்தீர்கள்!

தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய இராஜதுரை ஐயா அவர்களே, பாரிஸ் லா சப்பலின் பெரியோர்களே, பெற்றுப் பேணிக் காத்த அன்னையரே, பின்வரிசையில் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் தோழர்களே, வணக்கம்.

நான் குளிர்ப்பெட்டி திருத்துபவன். வளைத்துப் பேச வராது. நேரே வருகிறேன்.

என்னோடு தொழில் பழகிய, ஆர்ஜொந்தெய் நகரத்து மிருணாளினி, பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டின் சின்னஞ்சிறு தீவொன்றுக்குத் தொண்டராகப் போனாள். எதற்குப் போனாள்? பொன்னுக்கா? புகழுக்கா? பச்சைக் குழந்தைகளின் தடுப்பூசி மருந்து பழுதாகாமல் காக்கும் ஒரு சூரிய ஒளிக் குளிர்ப்பெட்டிக்காகப் போனாள்!

நாம் என்ன செய்தோம்? நமக்குத்தான் வெறுங்கையோடு இருக்கத் தெரியாதே! ரூ காய் தெருவில் கடை கடையாக ஏறி, ஆட்டிறைச்சி வைக்கும் ஆளுயரப் பிறீசர் ஒன்றைக் கப்பலில் ஏற்றினோம்.

("நல்ல பெட்டி தம்பி! என்ரை கடையிலை பத்து வருஷம் ஓடினது!")

ஓம் சூசைநாதன் அண்ணை, நல்ல பெட்டிதான். அதை ஓட்ட அந்த ஊர் மின்சாரம் முழுவதும் போதாதே! "அங்கை கறண்ட் இருக்கோ எண்டு ஒரு வார்த்தை கேட்டியளோ?" என்று என்னைத் தொலைபேசியில் கிழித்தெடுத்தாள்.

அழுதாளா? அலுத்தாளா? இல்லை! எலியும் ஈரமும் எட்டாத அந்தப் பெட்டிக்குள் பள்ளிப் புத்தகங்களை அடுக்கினாள். சென்ற ஆண்டுப் புயல் பிய்த்தெறிந்த சூரியத் தகடுகளைக் காட்டில் தேடினாள், பொறுக்கினாள், பொருத்தினாள், தடுப்பூசிப் பெட்டியை ஓடவைத்தாள்! அவ்வூர்த் தாதிக்கும் அந்த வேலையைப் பழக்கினாள்.

ஜூனில் அவள் தவணை முடிகிறது. தாதி பாதிதான் பழகியிருக்கிறார். அயல் தீவுகளில் மூன்று பெட்டிகள் ஓடாமல் கிடக்கின்றன. அங்கே குழந்தைகளுக்கு ஊசி இல்லை. "என்ன அனுப்ப?" என்று கேட்டேன். "ஒண்டும் அனுப்பாதை. ஆளை அனுப்பு" என்றாள்.

யாரை அனுப்புவோம்? எல்லோரும் பக்கத்துக் கதிரையைப் பார்க்கிறீர்கள்! வேண்டாம். அவளை அனுப்பிய தொண்டர் நிறுவனம் என்னையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. நானே போகிறேன்.

("யதுர்ஷன்! கலியாணம் பேசியிருக்கெல்லோடா! இதை மேடையிலை வைச்சோ எனக்குச் சொல்லுறாய்?")

வீட்டிலை சொன்னா விடமாட்டியள் அம்மா. லக்ஷனாவுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். "ரெண்டு வருஷம் பொறுப்பன். மூண்டாவது எண்டா வேறை மாப்பிளை" என்றாள்.

சிரியுங்கள், சிரியுங்கள்! அம்மா சிரிக்கவில்லை. ஆகவே, இனி நான் செய்யப்போவது:

1. திங்களன்று முதலாளியிடம் விலகல் கடிதம் கொடுப்பேன்.

2. ஜூனில் விமானம் ஏறுவேன். திருத்தும் கருவிகள் மட்டும்; பிறீசர் இல்லை.

3. அந்த மூன்று பெட்டிகளையும் தாதியின் கையாலேயே திருத்தவைப்பேன்.

4. இவை எல்லாவற்றுக்கும் முன், பொறுமையாய்க் கேட்ட உங்களைக் கைகூப்பி வணங்கி, மேடையை விட்டிறங்கி, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவர் "போயிட்டு வா" என்று சொல்லும்வரை எழும்பமாட்டேன்.