கொஞ்சம் நகர்த்தி வைத்த அர்த்தங்கள்

ஆங்கிலம் படிக்கிற நம் சீனப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்கிற சொல் 'அபாண்டன்'. கைவிடுதல் என்று பொருள். சொற்பட்டியலில் அதுதான் முதலில் நிற்கும். முதல் வரியே கைவிடச் சொல்கிறதே என்று பாதிப் பேர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவதாக விடுதியில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்களும் அந்தப் பட்டியலைத் தாண்டி வந்தவர்கள்தான். அதனால் நான் சொல்வது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் பெயர் தெங் ஹுவேலான். இந்தப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் உயர்நிலைச் சொல்வளத் தேர்வுக்குக் கேள்வித்தாள் போடுவதும் நான், திருத்துவதும் நான். அதில் தேறாதவர்களுக்குப் பட்டம் இல்லை. தவறினால் மறுதேர்வுக்கு இரண்டு வாய்ப்பு. இந்த லான்ச்சோ நகரத்தில் இத்தனை வருடங்களாக வாழ்கிறேன். நடைபாதையில் என்னைப் பார்த்ததும் மாணவர்கள் ஒதுங்கி வணக்கம் சொல்வார்கள். பயப்படுகிறவர்கள் தேநீர் குடிக்க உட்காருவதில்லை. புத்தாண்டு வசந்த விழாவுக்கு வளாகமே காலியாகும்போது உணவுக்கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அங்கே கொழுக்கட்டை கொடுக்கிற பெண் "எத்தனை பேருக்கு?" என்று கேட்பாள். விடுமுறை முழுக்க என்னிடம் வேறு யாரும் எதுவும் கேட்டதில்லை.

மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டால் பிள்ளைகள் அறைக்கு வந்து வாதாடுவார்கள் என்பதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கொஞ்ச நேரம் பேசவிட்டு, குறைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

யுன்மெய் அப்படி வந்தவள் அல்ல. அவளுடைய முதல் தோல்வி உண்மையான தோல்வி. அதற்கு நான் பொறுப்பில்லை. திங்ஷி மலைப்பக்கம் உருளைக்கிழங்கு பயிரிடுகிற வீட்டுப் பெண். கதவருகிலேயே நின்றாள்.

"டீச்சர், மார்க் போடச் சொல்லி வரலை. எங்கே தப்புன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"உட்காரு. சாப்பிட்டியா?"

"கேன்டீன்ல சாப்பிட்டேன்."

"அதையெல்லாம் சாப்பாட்டுல சேர்த்துட்டியா?"

அவள் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை உருளைக்கிழங்கோடு என் வீட்டுக்கே வந்தாள். நான் நறுக்குவதைப் பார்த்துக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கத்தி பிடிக்கிற லட்சணமா இது? உங்களுக்கு எங்களை அறுக்க மட்டும்தான் தெரியும், டீச்சர்."

கிழங்கை நூல் நூலாகச் சீவி, காய்ந்த மிளகாய் போட்டு, வினிகர் தெளித்து வதக்கினாள். அந்த வாசனை மறுநாளும் வீட்டில் இருந்தது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

வாரம் தவறாமல் வந்தாள். கெட்டிக்காரி. மறுதேர்வில் நிச்சயம் தேறியிருப்பாள். அதை மறைக்கப் போவதில்லை. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்:

"பாஸானதும் ஷியாமென் போயிடுவேன், டீச்சர். கடலோரத்துல கம்பெனி. பட்டத்தைக் கொண்டாந்து காட்டுன்னு சொல்லிட்டாங்க."

"எப்பத் திரும்பி வருவே?"

"இங்கேயா? இங்கே எனக்கு என்ன டீச்சர் இருக்கு?"

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. குழாய் திறந்திருந்தது, தண்ணீர்ச் சத்தத்தில் அவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

அதற்கு அடுத்த ஞாயிறு முதல் அர்த்தங்களை மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். பொய் என்று சொல்லிவிட முடியாது, ஓரமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்த உண்மை. அதிகம் பேசாதவனைக் குறிக்கிற சொல்லுக்கு, ஒரு காரியத்தைச் செய்யத் தயங்குகிறவன் என்றேன். பாரபட்சமற்றவன் என்ற சொல்லுக்கு அக்கறையில்லாதவன் என்றேன். இந்த இடங்களில் ஆங்கிலேயரே தடுமாறுவார்கள். அகராதியில் வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டாள். அகராதி சாதாரண ஜனங்களுக்கு, இது உயர்நிலைத் தேர்வு என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டாள். பிறகு அந்தச் சொற்களாகவே பார்த்து வினாத்தாள் போட்டேன்.

முதல் மறுதேர்வில் தோற்றுவிட்டு என் முன்னால் வந்து குனிந்து நின்றாள்.

"உங்க பேரையே கெடுத்துட்டேன், டீச்சர். நீங்க அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் என் மண்டையில ஏறலை. எனக்கு ஞாபகம் சரியில்லை போல."

"கவலைப்படாதே. நான் இருக்கேன்" என்றேன். அது உண்மைதான்.

ஷியாமென் கம்பெனிக்காரர்கள் வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். விடுதியில் அவளோடு தங்கியிருந்த ஃபான் லெய்தான் உங்களுக்குப் புகார் அனுப்பியவள். அவள் அப்போதே சந்தேகப்பட்டாள். நூலகப் படிக்கட்டில் இருவரும் சண்டை போட்டது எனக்குக் கேட்டது.

"அடியே, உங்க டீச்சர் சொல்றது எந்த ஊர் இங்கிலீஷ்? எந்த டிக்‌ஷனரியிலயும் இந்த அர்த்தம் இல்லைடி."

"அப்போ டிக்‌ஷனரிதான் தப்பு."

"கிறுக்கு முத்திப்போச்சு உனக்கு. அந்தம்மா காலைச் சுத்திக்கிட்டே கிட."

"எங்க டீச்சரைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. எனக்காக ஒருவர் இன்னொருவரோடு சண்டை போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

யுன்மெய் விடுதியை விட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைசி வாய்ப்புக்கு அங்கிருந்தேதான் படித்தாள். கவனம் சிதறக் கூடாது என்று அவளே தன் கைபேசியை அணைத்து என்னிடம் கொடுத்தாள். தேர்வுக்கு முந்தைய நாள் அவள் அம்மா என் எண்ணுக்கு அழைத்தார்.

"டீச்சர், அவ அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. பொண்ணு பொண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. பஸ் ஏத்தி விடறீங்களா?"

யுன்மெய் பக்கத்து அறையில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலைக் கேட்டபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அந்த அம்மாவிடம் சொன்னேன்: "சொல்லிட்டேங்க. பரீட்சை முடிச்சிட்டு வரேன்னு சொல்றா."

"அப்படியா சொன்னா? சரி டீச்சர். நாங்க படிக்காதவங்க. அவளுக்கு எது பெரிசுன்னு அவளுக்குத்தானே தெரியும்" என்றார்.

தேர்வைக் காரணமாகச் சொன்னேன். அவள் தேற முடியாத வினாத்தாளை அதற்கு முன்பே அச்சுக்கு அனுப்பியிருந்தேன். இதுவும் நீங்கள் கேட்காமல் நானே சொல்வது.

தேர்வு முடிந்து கைபேசியை வாங்கித் திறந்தபோதுதான் அவளுக்குச் சேதி தெரிந்தது. அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா அவளை வாசலோடு நிறுத்திவிட்டாராம். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றாள்.

"டீச்சர், அம்மா போன் பண்ணிச்சாம். உங்ககிட்ட சொல்லிச்சாம். நான் வர மாட்டேன்னு சொன்னேனாம்."

"உன்கிட்ட சொன்னேனே, யுன்மெய்."

"எப்போ சொன்னீங்க?"

"நீ படிச்சிட்டிருந்தே. வாசல்ல நின்னு சொன்னேன். பரீட்சை முடியட்டும்னு தலையாட்டினே."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. தனக்குள்ளே எதையோ தேடிப் பார்த்துக் கிடைக்காத பார்வை அது. கற்றுக்கொண்டதெல்லாம் தாளில் தப்புத் தப்பாக வந்தவள் தன் ஞாபகத்தை எப்படி நம்புவாள்?

"சொல்லியிருப்பீங்க" என்றாள். "எனக்கு எதுதான் ஞாபகத்துல நிக்குது." பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிக்கும் வரை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்று நான் தனியாக இல்லை. அந்த எண்ணம்தான் என் மனதில் இருந்தது. மன்னியுங்கள், வேறெதுவும் இல்லை.

இன்று காலை அவள் இந்த அறைக்கு வந்து, தான்தான் எல்லாவற்றையும் தப்பாக மனப்பாடம் செய்ததாகவும் டீச்சர் மேல் குற்றமில்லை என்றும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் சொன்னது தப்பு. குற்றம் என்னுடையது. இரண்டு மறுதேர்வுகளிலும் அவளைத் தோற்கடித்தவள் நான். தகப்பன் சாவுக்கு அவளைப் போகவிடாதவளும் நான். பட்டத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். என்னை வேலையை விட்டு அனுப்புவீர்கள், அனுப்புங்கள். நான் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். அவள் நேராக என்னிடம் வந்து இது நிஜமா என்று கேட்பாள்.

இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக் கதவை நான் ஒருநாளும் பூட்டி வைத்ததில்லை. அவள் தானாக விரும்பித்தான் என்னோடு இருக்கிறாள்.