இருபத்துமூன்றாவது கடிதம்

நான் எப்போதும் பென்சிலால்தான் திருத்துவேன். பேனாவால் அடித்தால் எழுதியவர் மனசு நோகும். பென்சில் என்றால், பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளலாம். நீங்கள் என்னை ஒரு கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது, அதனால் சொன்னேன். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

தத்து மையம் உங்களை விசாரிக்க அனுப்பியிருக்கிறது. என் கையெழுத்துப் போட்ட இருபத்துமூன்று ரசீதுகளைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். எல்லாம் என்னுடையவைதான். பெற்றவள் வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவாள். மையம் முகவரியை நீக்கிவிட்டு எனக்கு அனுப்பும். ‘உரிய வயதில் பிள்ளையிடம் சேர்ப்பேன்’ என்று நான் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவேன். ஒரு வருஷம்கூடத் தாமதித்ததில்லை, நீங்களே தேதிகளைப் பார்க்கலாம்.

தத்துப் பிள்ளைகளையும் அவர்களை வளர்த்தவர்களையும் பற்றி நான் ஏழு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். கடைகளில் அவற்றை நம்பிக்கை தரும் புத்தகங்கள் என்று தனி அடுக்கில் வைப்பார்கள். என்னிடம் ஒரே விதிதான் உண்டு. அத்தியாயம் முடியும்போது வாசிப்பவர் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் தொடங்கலாம், இருட்டில் முடிக்கக் கூடாது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: “மூன்று வயதுக்குள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ரகசியம் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். விட்டால் எல்லா அறையையும் எடுத்துக்கொள்வான்.” கைதட்டுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து என் மகளும் தட்டுவாள்.

அவளிடம் நான் சொல்லவில்லை.

மூன்று வயதில் சொல்லத்தான் இருந்தோம். அந்த மாதம் அவளுக்குக் காய்ச்சல். பிறகு பள்ளிக்கூடச் சேர்க்கை. அவளுக்கு ஆறு வயதானபோது என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அப்பா போன வீட்டில், அம்மாவும் உன்னைப் பெற்றவள் இல்லை என்று எப்படிச் சொல்வது? உங்களால் முடியுமா? மூன்று வாரக் குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறி வந்தவர்கள் நாங்கள். இங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் மையத்தின் பழைய தலைவி அம்மாவுக்குத் தெரியும், ஆனால் வெளியே சொல்லாமல் இருப்பதுதான் அவர் வேலை. பேட்டிகளில், “உங்களுக்கும் தத்துப் பிள்ளை உண்டா?” என்று கேட்பார்கள். “எல்லாப் பிள்ளைகளும் என் பிள்ளைகள்தான்” என்பேன். அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

கடிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். பெற்றவள் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுபவள். பதினேழு வயதில் பெற்றிருக்கிறாள். நன்றாக எழுதுவாள், நான் அதை மறுக்கவே மாட்டேன். ஈரப் படுக்கை விரிப்பில் பெட்டியை வைத்ததும் எழும் ஆவியில் மூன்று நாள் தன் மடியில் இருந்த குழந்தையின் தலை வாசம் வருகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். மேற்பார்வையாளர் ஏன் அழுகிறாய் என்று கேட்டால் சூடு என்று சொல்லிவிடுவாளாம். இரண்டாவது புத்தகத்துக்கு ஓர் அத்தியாயம் குறைந்தபோது அந்தக் கடிதத்தைப் போட்டேன். ஊரையும் ஆளையும் மாற்றிவிட்டுத்தான். அதற்கு வந்த பாராட்டைப் போல என் சொந்த எழுத்து எதற்கும் வந்ததில்லை. பிறகு எல்லாப் புத்தகத்திலும் அவள் கடிதம் மூன்று நான்கு இருக்கும்.

என் மகள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவள்தான் என் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பாள். கூர்மையான கண். சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே படிப்பாள்.

“யாரும்மா இவங்க? இவங்க பொண்ணு கையில இதெல்லாம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“படிச்சாளா?”

“படிச்சா. அழுதா.”

அந்தப் பதிலில் எந்தச் சொல் பொய் என்று நீங்கள் சொல்லுங்கள். ரசீதில் ‘சேர்ப்பேன்’ என்று இருக்கிறது. சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் அவள் எழுத்தெண்ணிப் படித்திருக்கிறாள். ஒருமுறை தாளை மடித்து வைத்துவிட்டு, “நல்லவேளை, நான் நீங்க பெத்த பொண்ணு. இல்லேன்னா என்னையும் ஒரு அத்தியாயமா போட்டிருப்பீங்க” என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இருபத்துமூன்றாவது கடிதம் மெலிந்த வேறொரு கையெழுத்தில் வந்தது. பெற்றவளால் பேனா பிடிக்க முடியவில்லை, சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறேன் என்று மேலே போட்டிருந்தது. முதல் இரண்டு பக்கமும் அருமையாக இருந்தன. மூன்றாம் பக்கத்தில் பதினோரு வரிகள். அவற்றைத்தான் நீங்கள் கேட்டு வந்திருக்கிறீர்கள். எனக்கு மனப்பாடம், சொல்கிறேன். அவளுடைய அம்மா முப்பத்தெட்டில் குடல் புற்றுநோயில் போனாள். அண்ணன் முப்பத்தைந்தில். இப்போது தனக்கு. இது ரத்தத்தில் வருவது, முன்னாலேயே பார்த்தால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். என் பிள்ளைக்கு இருபத்தைந்து ஆவதற்குள் குடல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வேறு எதையும் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றிக்கூடச் சொல்ல வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்கள்.

மூன்று முறை படித்தேன். பிறகு அந்தப் பத்தியைச் சுற்றிக் கோடு போட்டேன். அப்படி ஓர் அத்தியாயத்தை முடிக்க முடியாது. அதற்குப் பதிலாக, ‘நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும், மகளே’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

புரூஃப் வந்தபோது என் மகள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

“கடைசிக் கடிதம் சட்டுனு முடியுதேம்மா. ஏதாவது விட்டுப்போச்சா?”

“இல்ல. அவ்ளோதான் எழுதியிருந்தாங்க.”

“இந்தக் கடைசி வரி அவங்க பேச்சு மாதிரி இல்ல. உங்க பேச்சு மாதிரி இருக்கு.”

“முடியாதவங்க எழுதினா அப்படித்தான் இருக்கும்.”

ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள். நான் அழித்தேன்.

மறந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்தது, இருபத்தைந்து முடிந்தது. அந்தப் பிறந்தநாளில் பொதுவாக ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளேன் என்றேன். “கிழவி ஆயிட்டேனா நான்?” என்று சிரித்தாள். அதற்கு மேல் வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அவள் ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாள்.

இருபத்தெட்டில் வயிற்று வலி, சோர்வு, ரத்தம். நானும் கூடப் போனேன். டாக்டர் நிதானமானவர். எழுதிக்கொண்டே கேட்டார்: “குடும்பத்துல யாருக்காவது குடல்ல புற்றுநோய் வந்திருக்கா?”

என் மகள் என்னைப் பார்த்தாள். நான், “இல்ல டாக்டர், எங்க பக்கத்துல எல்லாரும் எண்பது, தொண்ணூறு” என்றேன்.

“எங்க தாத்தாவை எல்லாம் அடிச்சாலும் சாக மாட்டார் டாக்டர்” என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

அப்படியானால் மூலநோயாக இருக்கும், இந்த வயதில் அதுதான் வழக்கம் என்று மருந்து கொடுத்தார். நாலைந்து மாதம் கழித்து, இளைத்துப்போய் மறுபடி நின்றபோது அதே கேள்வியைக் கேட்டார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றும் சொன்னார். நன்றாக யோசித்தேன். இப்போது சொன்னால், முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். இல்லை என்றேன். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தது அதற்கும் மூன்று மாதம் கழித்து. அப்போது ஈரலுக்குப் போயிருந்தது.

டாக்டர்மேல் குற்றம் எதுவும் எழுதாதீர்கள். அவர் கேட்க வேண்டியதை இரண்டு முறையும் கேட்டார்.

கடைசி வாரத்தில் அவள் நிறையப் பேசவில்லை. ஒரு சாயங்காலம், “எனக்கு எங்கேருந்தும்மா வந்துச்சு இது?” என்றாள். நோயைக் கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. “எங்கேருந்தும் வரல. நீ என் வயித்துல பிறந்தவ” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. சாகிறவளிடமிருந்து அம்மாவைப் பிடுங்க வேண்டுமா? மகளாகவே போனாள். அது நான் அவளுக்குச் செய்தது.

பெற்றவளின் தங்கையைப் பற்றிச் சொன்னீர்கள். அக்காவுக்கு வந்ததும் அவளும் பரிசோதனை செய்துகொண்டாள், ஒரு கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள், இன்றைக்கும் வேலைக்குப் போகிறாள் என்றீர்கள். சந்தோஷம். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது என் புத்தகம் கையில் கிடைத்ததாம். தான் எழுதிக்கொடுத்த கடிதத்தில் தான் எழுதிய பத்தியைக் காணோம் என்று உங்களிடம் வந்திருக்கிறாள். அவளும் படித்திருக்கிறாள் என்பது எனக்கு ஒருவிதத்தில் திருப்திதான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கடிதங்களை நான் பெற்றுக்கொண்டேன். பதினோரு வரிகளை நான்தான் எடுத்தேன். டாக்டரிடம் இரண்டு முறையும் தெரிந்தேதான் இல்லை என்றேன். என்னை யாரும் தூண்டவில்லை. அவளைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும் என்று தெரியும். அதைச் சொன்னால் நான் வெறும் வளர்த்தவள் ஆகிவிடுவேன் என்பதும் தெரியும். இதன் கீழே எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த இன்னொரு தாளில் மட்டும் இப்போது வேண்டாம். என் சம்மதம் இல்லாமல் மருமகனிடம் பேச மையத்துக்கு உரிமை இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். பேத்திக்கும் அது வந்திருக்கலாம், அப்பாவுக்குத் தெரிந்தால்தான் வேளையில் பார்க்க முடியும் என்பதெல்லாம் புரிகிறது. “ஒரு கையெழுத்துதானேம்மா” என்கிறீர்கள். அவள் சாயங்காலங்களில் இங்கேதான் இருக்கிறாள். வாயைத் திறந்தால் அம்மாச்சி, அம்மாச்சிதான். இதைக் கேட்ட பிறகு மருமகன் அவளை இந்த வாசல்படி மிதிக்க விடுவாரா?

குழந்தைக்கு நாலு வயசுதான் ஆகிறது. பரிசோதனைக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. எனக்கு இப்போது அறுபத்தாறு. நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.